வலது கண்ணை மூடிப் பார்த்த அன்று

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் இருபத்து நான்கு ஆண்டுகளாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஃபிலிம் ரோலை இருட்டறையில் கழுவிக் காயப்போட்ட காலத்தில் தொடங்கி மெமரி கார்டு வரைக்கும் வந்தாயிற்று. பதினான்கு வயதில் ஏறிய கண்ணாடி இன்னும் இறங்கவில்லை. கிட்டப்பார்வை, இரண்டு கண்ணிலும் மைனஸ் ஏழுக்கு மேல். பெருமைக்காகச் சொல்லவில்லை, இந்தக் கதைக்கு அது வேண்டும். மைனஸ் ஆறைத் தாண்டியவர்களுக்குக் கண் உருண்டை வழக்கத்தைவிட நீண்டிருக்கும். உள்ளே ஒட்டியிருக்கும், ஒளியை உணரும் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். அதனால் அது கிழிவதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட அவர்களுக்கு அதிகம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எனக்குக் கண்ணாடி விற்ற எவரும் இதைச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேமராவில் ஒரு தூசி விழுந்தாலும் அன்று இரவே கழற்றித் துடைப்பவன், கண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை.

2023 தை மாதம். கல்யாண வேலை நெருக்கிய நேரம். மகளின் பிரசவத்துக்காக மனைவி திருப்பூர் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. வீட்டில் நான் மட்டும். ஒரு செவ்வாய்க்கிழமை இரவு மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தபோது இடது ஓரத்தில் பளீரென்று ஒரு மின்னல். கடலுக்கு மேல் வெட்டுகிறது, மழை வரும் என்று நினைத்துத் தலையணையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தேன். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை, நட்சத்திரம் கொட்டிக் கிடந்தது. மறுபடி படுத்துக் கண்ணை உருட்டினால் மறுபடி மின்னல். கண்ணை மூடினாலும் மின்னல். அன்று பகல் முழுக்க ஃப்ளாஷ் அடித்த களைப்பு என்று எனக்கு நானே மருத்துவம் சொல்லிக்கொண்டு தூங்கிவிட்டேன்.

மறுநாள் காலையில் கொசு பறந்தது. கையால் விரட்டினால் போகவில்லை. ஒன்று வளையம் போல, இரண்டு மூன்று நூல் போல, அவற்றுக்குப் பின்னால் மிளகைப் பொடித்துத் தூவியது போலச் சிறு புள்ளிகள். உடனே எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? கேமராவில் தூசி. முந்தைய நாள் படங்களைக் கணினியில் திறந்து வெள்ளைச் சுவர் வந்த இடங்களையெல்லாம் பெரிதாக்கிப் பார்த்தேன். புள்ளி இருந்தது, ஆனால் படத்தில் இல்லை. திரையிலிருந்து பார்வையை எடுத்து வாசல் சுவரைப் பார்த்தால் அங்கேயும் கூடவே வந்தது. கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் ஒட்டிய தூசி எந்தப் படத்திலும் ஒரே இடத்தில்தான் நிற்கும். இதுவோ கண் போகும் பக்கமெல்லாம் போய், கண் நின்ற பிறகும் ஒரு நொடி நீந்திவிட்டு நின்றது. அந்த நீச்சல்தான் அடையாளம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையே கேமராவில் வெறும் காற்று இருக்கிறது. கண்ணிலோ அந்த இடம் முழுக்க இளநுங்கு போன்ற தெளிந்த கூழ். நுங்கு முற்றினால் இறுகும். இந்தக் கூழ் வயதானால் நீர்த்துச் சுருங்கும். சுருங்கும்போது விழித்திரையைவிட்டுப் பிரிகிறது. பிரியும்போது எங்காவது அழுத்தமாக ஒட்டியிருந்தால் திரையைச் சுண்டி இழுக்கிறது. விழித்திரைக்கு வலி தெரியாது, அதற்குத் தெரிந்த ஒரே மொழி வெளிச்சம். யாராவது இழுத்தால் ‘வெளிச்சம்’ என்றுதான் மூளைக்குச் சொல்லும். நான் மொட்டைமாடியில் பார்த்த மின்னல் அதுதான். மிளகுப்பொடி என்று நினைத்தது, கிழிந்த இடத்திலிருந்து கசிந்த இரத்தத்தின் நிழல்.

ஒன்றிரண்டு பூச்சி பல ஆண்டுகளாகப் பறக்கிறது என்றால் பெரும்பாலும் அச்சப்பட வேண்டியதில்லை. ஐம்பதை நெருங்கும் பலருக்கும் அது உண்டு. ஆனால் திடீரென்று ஒரே நாளில் கூட்டமாக வந்தால், அதுவும் மின்னலோடு சேர்ந்து வந்தால், அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். அடுத்த வாரம் அல்ல, கல்யாணம் முடிந்த பிறகு அல்ல. கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்கள், கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள், கண்ணில் பந்தோ கட்டையோ பட்டவர்கள், குடும்பத்தில் யாருக்காவது விழித்திரை பிரிந்த வரலாறு உள்ளவர்கள் இன்னும் வேகமாகப் போக வேண்டும். அப்போதே போயிருந்தால், கிழிசல் மட்டும் இருந்த நிலையில், அதைச் சுற்றி லேசரால் பொட்டுப் பொட்டாகச் சுட்டு ஒட்டவைத்து மாலையிலேயே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். நான் பிறகு போன இடத்தில் அப்போது அதற்கு ஆறாயிரம் ரூபாய்.

நான் போனது மெடிக்கல் கடைக்கு. 180 ரூபாய்க்குச் சொட்டு மருந்து. ஐந்து நாள் விட்டுப் பார்த்தும் கொசு போகாததால் அடுத்த திங்களன்று ராமநாதபுரத்தில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். அங்கே எந்திரத்தில் தாடையை வைக்கச் சொல்லி, எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி, பவர் கால் புள்ளி ஏறியிருக்கிறது என்றார்கள். 4,200 ரூபாய்க்குப் புதுக் கண்ணாடி. பலகையின் கடைசி வரிவரை நான் படித்துவிட்டேன் என்பதுதான் வேடிக்கை. பலகையைப் படிப்பது விழித்திரையின் நட்டநடுப் புள்ளி மட்டும். ஓரங்களில் சுவர் இடிந்துகொண்டிருந்தாலும் அது படிக்கும். கண்ணின் நடுவில் உள்ள கறுப்புத் துளையான பாவையை மருந்து விட்டு விரித்து ஓரம்வரை பார்த்தால்தான் கிழிசல் தெரியும். அதைக் கண்ணாடிக் கடையில் செய்ய மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, அந்தக் கடைக்குப் போனது நான்.

இதற்கிடையில் கீழக்கரையில் ஒரு நிக்காஹ், உச்சிப்புளியில் ஒரு காதணி விழா, இரண்டையும் நன்றாகவே எடுத்தேன். எப்படி எடுத்தேன் என்று கேட்பீர்கள். எடுப்பது வலது கண்ணால். வியூஃபைண்டரில் வலது கண், இடது கண் இறுக்க மூடியிருக்கும்; இருபத்து நான்கு ஆண்டுப் பழக்கம். கெட்டுக்கொண்டிருந்த கண்ணுக்குத் தொழிலில் வேலையே இல்லை. தையல்காரருக்கோ ஓட்டுநருக்கோ ஒருவேளை முன்பே தெரிந்திருக்கும். படம் பிடிப்பவனுக்குத்தான் கடைசியில் தெரிந்தது.

தெரிந்த இடம் தனுஷ்கோடி. சனிக்கிழமை மாலை, கல்யாணத்துக்கு முன் எடுக்கும் ஜோடிப் படம். மதுரைப் பக்கத்து மணமக்கள். இடிந்த தேவாலயச் சுவரருகே சில படங்கள் எடுத்துவிட்டு அரிச்சல்முனைக்கு வந்திருந்தோம். அங்கே அடிக்கும் காற்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், மணலை வாரி முகத்தில் அறையும். கேமராவை இறக்கிய நேரம் பார்த்து வலது கண்ணில் மணல். கையால் பொத்திக்கொண்டு, இடது கண்ணால் அவர்கள் நிற்கிறார்களா என்று பார்த்தேன். நின்றார்கள். மேலே வானம் இருந்தது, இரண்டு பேரின் முகமும் இருந்தது. பெண்ணுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. மணல் இல்லை, அலை இல்லை. மூக்கோரத்திலிருந்து கீழே முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஒரு திரை, ஈரத்துணி போலக் கனத்துத் தொங்கியது. வலது கண்ணைத் திறந்தேன், கடலும் மணலும் முழுதாகத் திரும்பி வந்தன. மூடினேன், போயின. மூன்று முறை செய்து பார்த்தேன். ‘என்ன அண்ணே, மணல் போகவில்லையா?’ என்று உதவியாளர்ப் பையன் கேட்டான். போகவில்லை என்று சொன்னேன்.

எனக்குச் சினம் வந்தது, அச்சத்துக்கு முன்னால் சினம்தான் வந்தது. இத்தனை பெரிய ஓட்டை எத்தனை நாளாக இருந்தது? ஏன் எனக்குச் சொல்லவில்லை? கேமராவில் சென்சாரின் ஒரு மூலை செத்தால் அடுத்த படத்திலேயே கறுப்பாகக் காட்டிவிடும்; அது நேர்மையான கருவி, தன் குறையைத் தானே சொல்லும். கண் அப்படியல்ல. ஒரு கண்ணில் இல்லாததை மறுகண்ணிலிருந்து எடுத்து மூளை ஒட்டிவிடுகிறது. இரண்டு கண்ணிலும் இல்லாவிட்டால் சுற்றியிருப்பதைப் பார்த்து இட்டுக்கட்டியாவது நிரப்பிவிடுகிறது. நம்ப முடியாவிட்டால் இப்போதே செய்து பாருங்கள். வெள்ளைத்தாளில் இடப்பக்கம் ஒரு பெருக்கல் குறி, அதிலிருந்து எட்டு சென்டிமீட்டர் தள்ளி வலப்பக்கம் ஒரு பொட்டு. இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் பெருக்கல் குறியை மட்டும் பார்த்தபடி தாளை மெல்ல முகத்தருகே கொண்டு வாருங்கள். ஏறத்தாழ ஒரு முழத்துக்குள் ஓரிடத்தில் பொட்டு மறையும். மறைந்த இடத்தில் ஓட்டை தெரியாது, வெள்ளைத்தாள்தான் தெரியும். பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் அந்த வட்டத்தில் ஒளியுணரும் செல்லே கிடையாது. பிறந்த நாள் முதல் எல்லோருக்கும் இருக்கும் ஓட்டை அது. 1660களில் மாரியோத் என்ற பிரெஞ்சு அறிஞர் கண்டுபிடித்துச் சொல்லும் வரை அப்படி ஒன்று இருப்பதை யாரும் அறிந்திருக்கவில்லை. அத்தனை சுத்தமாக ஒட்டுப்போடுகிறது மூளை.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு ‘எனக்குப் பார்வை நன்றாக இருக்கிறது’ என்று சொல்வதில் பொருளே இல்லை. வாரத்தில் ஒருநாள், பல் துலக்கும் நேரத்தில், ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்தி எதிர்ச்சுவரில் ஒரு புள்ளியை மட்டும் பாருங்கள். அந்தப் புள்ளியைவிட்டுப் பார்வையை நகர்த்தாமலே கதவும் ஜன்னலும் தரையும் ஓரத்தில் தெரிகின்றனவா என்று கவனியுங்கள். பிறகு மறுகண். அரை நிமிட வேலை. விரலால் கண்ணை அழுத்தி மூடாதீர்கள், அழுத்தினால் அந்தக் கண்ணைச் சோதிக்கும் முறை வரும்போது மங்கலாகத் தெரிந்து வீணாகப் பயப்படுவீர்கள்.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வலது கண்ணில் இருந்த மணலைக் கழுவிவிட்டு, சூரியன் விழும்வரை மிச்சப் படங்களை எடுத்தேன். வெளிச்சம் அவ்வளவு நன்றாக இருந்தது. மறுநாள் ஞாயிறு, யாரும் இருக்க மாட்டார்கள் என்று நானே முடிவுசெய்து வீட்டில் படங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். பெரிய கண் மருத்துவமனைகளில் ஞாயிற்றுக்கிழமையும் அவசரத்துக்கு ஆள் இருப்பார்கள் என்பதை ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். மனைவிக்கும் சொல்லவில்லை, பிள்ளை பெற்ற வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்று தள்ளிப்போட்டேன். திங்கள் அதிகாலை மதுரைக்குப் பஸ் ஏறினேன். பரமக்குடி தாண்டும்போது வலது கண்ணை மூடி முன்சீட்டுக்காரரின் தலையைப் பார்த்தேன். தலை நெளிந்தது. மானாமதுரை வருவதற்குள் தலையே இல்லை. சாம்பல் திரை நடுவைக் கடந்துவிட்டது.

மருத்துவமனையில் பாவையை விரிக்க மருந்து விட்டு ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். வெளிச்சம் நுழையும் துளையான அபர்ச்சர் முழுதாகத் திறந்தபடி சிக்கிக்கொண்ட லென்ஸ் போல ஆகிவிட்டது. வெளிச்சமான வராந்தாவில் எல்லாம் வெளுத்துப்போய்த் தெரிந்தன. பாவை 2 மில்லிமீட்டரிலிருந்து 8 மில்லிமீட்டர்வரை விரியும், அவ்வளவுதான். கணக்குப் போட்டால் உள்ளே விடும் வெளிச்சம் பதினாறு மடங்குதான் கூடுகிறது. நள்ளிரவுக்கும் நண்பகலுக்கும் இடையே உள்ள கோடி மடங்கு வேறுபாட்டை அது சமாளிப்பதில்லை, விழித்திரைதான் சமாளிக்கிறது, அதுவும் நிதானமாக. இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரம் பிடிக்கும். இரவில் வள்ளம் இறக்குபவர்கள் டார்ச்சை முகத்தில் அடித்தால் வைவது வெறும் கோபத்தால் அல்ல, அரை மணி நேர முதலீடு போன வயிற்றெரிச்சல். கேமராவில் ஒரு பொத்தானைத் திருப்பினால் முடிந்தது. பாவை விரிக்கும் மருந்து விட்டால் அன்று பாதி நாள் போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், கறுப்புக் கண்ணாடி எடுத்துப் போங்கள், முடிந்தால் கூட ஓர் ஆளை அழைத்துப் போங்கள்.

மருத்துவர் ஒரு வட்டம் போட்டு, கிழிசலை மேல்பக்கம், காதோரமாக வரைந்தார். ‘டாக்டர், எனக்குக் கீழே மூக்கோரம்தான் மறைகிறது’ என்று திருத்தினேன். அவர் சிரித்தார். ‘படம் எடுப்பவர் என்று எழுதியிருக்கிறீர்கள், இதைக் கேட்கலாமா சார்?’ என்றார். அப்போதுதான் உறைத்தது. கண்ணுக்குள் விழும் படம் தலைகீழ், இடவலமும் மாறி விழும். கேமராவிலும் அப்படியே, வானியல் அறிஞர் கெப்ளர் 1604இலேயே எழுதிவைத்த செய்தி. மேலே கிழிந்தால் கீழே இருட்டும். மேலே கிழிந்ததால் இன்னொரு கேடும் உண்டு. சுவரில் ஒட்டிய போஸ்டரின் மேல் ஓரம் கிழிந்து மழைநீர் புகுந்தால் அது சரசரவென்று கீழே உரிந்து வருமே, அதேதான். நீர்த்த கூழ் கிழிசல் வழியே பின்னால் புகுந்து, எடை தாளாமல் விழித்திரை நடுவரைக்கும் உரிந்துவிட்டது. திரையின் ஒளியுணரும் செல்களுக்கு உணவும் ஆக்சிஜனும் பெரும்பாலும் பின்சுவரிலிருந்துதான் போகின்றன. உரிந்த பகுதி பட்டினி கிடக்கிறது. நடுப்புள்ளி உரிவதற்கு முன் வந்திருந்தால் பார்வை ஏறத்தாழ முழுதாகக் கிடைத்திருக்கும், உரிந்த பிறகு எவ்வளவு திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். தனுஷ்கோடியில் சூரியன் அழகாக விழுந்த அந்த ஒன்றரை மணி நேரத்தை நினைத்துக்கொண்டேன்.

‘கூட வந்தவர் யார்?’ என்று கேட்டபோது பதில் இல்லை. அறுவைக்கு ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடவும், பிறகு கைபிடித்து நடத்திப் போகவும் ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். பரமக்குடியில் இருக்கும் மச்சானை அழைத்தேன். அவர் வேலையை விட்டு ஓடிவந்து கையெழுத்துப் போட்டு, ஒருநாள் இருந்துவிட்டுப் போனார். காப்பீட்டு அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். உங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோ வேறு காப்பீடோ இருந்தால், அதன் நகலைப் போனில் படமாகவாவது வைத்துக்கொள்ளுங்கள். பொருந்துமா பொருந்தாதா என்பதைப் பணம் கட்டும் முன் கேளுங்கள். நான் கேட்கவில்லை, கேட்கும் நிலையிலும் இல்லை. செவ்வாயன்று அறுவை. கண்ணைச் சுற்றி ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தார்கள். மயக்கம் இல்லை, பேச்சு கேட்டது. கூழை உறிஞ்சி எடுத்து, திரையைச் சுவரோடு பொருத்தி, கிழிசலைச் சுற்றி லேசர் வைத்து, ஒட்டியது உலர்வதற்குள் மறுபடி உரியாதிருக்க உள்ளே வாயுவை நிரப்பினார்கள்.

வாயு மேலே மிதக்கும். அது திரையை அழுத்த வேண்டுமானால் திரை மேலே இருக்க வேண்டும். அதாவது நான் குப்புறக் கிடக்க வேண்டும். ஏழு நாள், விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஐம்பது நிமிடம் தலை தரையைப் பார்த்தே இருக்க வேண்டும், தூக்கமும் குப்புற. இதைப் பற்றி யாரும் எனக்கு எச்சரித்திருக்கவில்லை. அறுவை ஒரு மணி நேரம், அது ஒன்றுமேயில்லை. இந்த ஏழு நாள்தான் ஆளைக் கொன்றது. மருத்துவமனைக்கு அருகில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன். முதல் இரவு கழுத்து தெறித்துவிட்டது. இரண்டாம் நாள் ரூம் பையன்தான் வழி சொன்னான்: கட்டிலின் கால்மாட்டில் இரண்டு தலையணையை இடைவெளி விட்டு வைத்து, நெற்றியை ஒன்றிலும் தாடையை ஒன்றிலும் பதித்து, முகத்தை நடுவில் தொங்கவிட்டேன். மூச்சு முட்டாது, கட்டிய கண்ணிலும் அழுத்தம் விழாது. சாப்பாட்டுத் தட்டைத் தரையில் வைத்து ஸ்பூனால் சாப்பிட்டேன். தண்ணீருக்கு உறிஞ்சுகுழாய். தரையில் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கிடத்தி, வருபவர்களின் முகத்தை அதில் பார்த்துப் பேசினேன். மூன்றாம் நாள் இரவு அழுதேன். குப்புறக் கிடந்து அழுதால் கண்ணீர் கன்னத்தில் வழியாது, நேராக மூக்கு நுனிக்கு வந்து தரையில் சொட்டும். யாரையாவது துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் இத்தனை முறை சொல்வது அந்த இரவை வைத்துத்தான். ஒன்பதாம் நாள் பஸ்ஸில் ஊருக்குத் திரும்பும்போதும் பழக்கத்தில் தலை குனிந்தே இருந்தது. பக்கத்தில் இருந்த பாட்டி முதுகைத் தடவி, ‘யார் தம்பி தவறியது?’ என்று கேட்டார்.

கண்ணுக்குள் வாயு இருந்த ஐந்து வாரமும் உள்ளே ஒரு கடல் இருந்தது. வாயு கரையக் கரைய மேல்பக்கம் தெளிந்து, நடுவில் ஒரு கோடு வந்தது. தலையை ஆட்டினால் அடிவானம் போல அதுவும் ஆடியது. உண்மையில் வாயு மேலே மிதக்கிறது, எனக்குத் தெரிவது கீழே. மறுபடியும் தலைகீழ் விவகாரம். நாளுக்கு நாள் கோடு இறங்கி, கடைசியில் சிறு குமிழாகி, ஒருநாள் காலையில் காணாமல் போனது. அதுவரை விமானம் ஏறக் கூடாது, மலை ஏறக் கூடாது. உயரத்தில் காற்றழுத்தம் குறைய, குமிழ் விரிந்து கண்ணுக்குள் அழுத்தத்தைக் கூட்டிப் பார்வையையே பறித்துவிடும். கொடைக்கானலில் ஒரு திருமணம் ஒப்புக்கொண்டிருந்தேன், முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வேறு ஏதாவது அறுவைக்கோ பல் சிகிச்சைக்கோ போனாலும் கண்ணில் வாயு இருப்பதை முதலில் சொல்ல வேண்டும். சில மயக்க வாயுக்களும் குமிழை விரித்துவிடும். இதற்காகக் கையில் ஒரு பட்டை கட்டிவிடுவார்கள், அவிழ்க்காதீர்கள்.

திரை ஒட்டிக்கொண்டது. ஓரப் பார்வை முழுக்கத் திரும்பியது. நடுப்பார்வை திரும்பவில்லை என்று சொல்ல முடியாது, ஆனால் கோணலாகத் திரும்பியது. பாம்பன் பாலத்தை வலது கண்ணால் பார்த்தால் நேர்க்கோடு. இடது கண்ணால் பார்த்தால் நான் உற்றுப்பார்க்கும் இடத்தில் மட்டும் தண்டவாளம் உள்வாங்கி நெளிகிறது. பார்வையை நகர்த்தினால் நெளிவும் கூடவே நகர்கிறது. கேமரா ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை ஒரே கூர்மையில் எடுக்கும். கண்ணில் கூர்மை இருப்பது நடுவில் உள்ள ஒரு சிறு குழியில் மட்டும். கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள், கூராகத் தெரியும் பரப்பு கிட்டத்தட்ட அவ்வளவுதான். மீதியெல்லாம் மங்கல். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் கண் தாவித்தாவி அந்த நகத்தளவுப் பரப்பால் உலகைத் துழாவுகிறது, மூளை தைத்து ஒரே படமாகக் கொடுக்கிறது. மனிதக் கண் 576 மெகாபிக்சல் என்று அவ்வப்போது வாட்ஸ்அப்பில் வரும். அந்தக் குழி நெளிந்தவனிடம் அதைச் சொல்லாதீர்கள். பன்னிரண்டு கோடிக்கு மேல் ஒளியுணர் செல்கள் இருந்தாலும், கண்ணிலிருந்து வெளியேறும் நரம்பிழைகள் ஏறத்தாழ பத்து லட்சம்தான். வாசலிலேயே பெரும்பகுதி சுருக்கப்பட்டுவிடுகிறது. நெளிவு கூடுகிறதா என்று பார்க்கக் குளியலறையின் சதுர டைல்ஸ் போதும். ஒரு கண்ணை மூடி நடுச்சதுரத்தைப் பார்த்தால் கோடுகள் சொல்லிவிடும்.

இந்த அறுவை செய்தவர்களில் பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டில் கண்புரை வரும். எனக்கு 2024இல் வந்தது, லென்ஸை மாற்றினார்கள். லென்ஸை எடுத்துவிட்டால் கண்ணில் என்ன இருக்கும் என்று பயந்திருந்தேன். ஒளியை வளைக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கைச் செய்வது கண்ணின் முன்பக்கத்துத் தெளிந்த கார்னியாதான், உள்ளிருக்கும் லென்ஸ் மீதியைத்தான் செய்கிறது. காற்றிலிருந்து கண்ணுக்குள் நுழையும் இடத்தில் அந்த வளைவு நடக்கிறது. தண்ணீருக்குள் போனால் அது போய்விடும். பாம்பன் பக்கம் பாசி எடுக்க முங்கும் பெண்கள் கண்ணாடி மாட்டுவது உப்புக்காக மட்டுமல்ல, கண்முன் கொஞ்சம் காற்றை வைத்துக்கொள்ளவும்தான். மீனுக்குக் காற்றுக்கு வழியில்லை, அதனால் லென்ஸையே உருண்டையாக்கிக்கொண்டது. மீன்தலையைச் சப்பும்போது பல்லில் தட்டும் அந்த வெள்ளை உருண்டை அதுதான். உயிரோடு இருக்கும்போது பளிங்கு, கொதித்ததும் புரதம் திரைந்து வெண்மை. கண்புரையிலும் புரதம்தான் திரைகிறது, கொதிக்காமல், மெல்ல. நம் கண் லென்ஸின் வடிவத்தை மாற்றிக் குவிக்கிறது. மீனும் கணவாயும் கேமரா போலவே லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்துகின்றன. கணவாய்க்கு நரம்பு விழித்திரையின் பின்பக்கமாகப் போவதால் நான் சொன்ன அந்தக் குருட்டுப்புள்ளியும் இல்லை. மண்டபம் கரையில் கூடைக்கூடையாகக் குவிந்து கிடக்கும்போது எனக்கு இப்போது கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது. புது லென்ஸ் வைத்த மறுநாள் இடது கண்ணில் கடல் சோப்பு நீலமாகவும், வலது கண்ணில் தேநீர் கலந்ததாகவும் தெரிந்தது. நாற்பதாண்டு மஞ்சளை மூளை வெள்ளை என்று திருத்திக் காட்டிவந்திருக்கிறது. ஆல்பத்தின் நிறத்தை இப்போதெல்லாம் பையனிடமும் ஒருமுறை காட்டுகிறேன்.

கணக்கு இது. முதல் அறுவை 92,000. லாட்ஜ், சாப்பாடு 8,500. கண்ணாடி, சொட்டு மருந்து 4,380, இரண்டும் வீண். திருப்பிக் கொடுத்த முன்பணம் 75,000, எனக்குப் பதில் வேறு ஆளை அனுப்பியதற்கு 30,000. கண்புரைக்கு 32,000. மொத்தம் இரண்டு லட்சத்து நாற்பத்தோராயிரத்துச் சொச்சம். மனைவியின் வளையல் எட்டு மாதம் அடகில் இருந்தது. திருப்பூரிலிருந்து வந்தவள் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்பதை மட்டும் இன்றுவரை கேட்கிறாள்.

இப்போது இரண்டு கண்ணையும் திறந்து வைத்துப் படம் எடுக்கப் பழகிக்கொண்டேன். கடையில் பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு உட்காருபவர்களிடம் விளக்கைச் சரிசெய்யும் நேரத்தில் ஒரு கண்ணைப் பொத்தி எதிரில் உள்ள காலண்டரைப் பார்க்கச் சொல்கிறேன், பிறகு மறுகண்ணை. சிலர் சிரிப்பார்கள், சிலருக்கு எரிச்சல். போன மாதம் அட்டைக்குப் படம் எடுக்க ஒரு பெரியவர் பேரனோடு வந்தார், நாற்பதாண்டு கடலுக்குப் போனவர். இடது கண்ணைப் பொத்தினார், தேதியைச் சொன்னார். வலது கண்ணைப் பொத்தினார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘விளக்கை ஏன் தம்பி அணைத்தாய்?’ என்று கேட்டார்.